வாயில் கொடுக்காத மருந்து

கரியாலூரில் அரசு ஊழியர்களுக்கென்று கட்டிய லைன் வீடுகளில், ஒரு வீட்டில் மிளகாய் வறுத்தால் அடுத்த வீட்டில் தும்முவார்கள். சுவர் அவ்வளவு மெல்லிசு. புருஷன் பெண்டாட்டி சண்டை, ஊரிலிருந்து வந்த சேதி, மாதக் கடைசியில் அரிசிப் பானையைச் சுரண்டும் ஓசை, எதுவும் அங்கே ஒருத்தருக்கு மட்டும் சொந்தமில்லை. அப்படிப்பட்ட வரிசையில் ஜான் வாத்தியாரின் பிள்ளை எதைத் தின்று இப்படிக் கொழுக்கிறான் என்பது மட்டும் யாருக்கும் பிடிபடவில்லை. பக்கத்து வீட்டுக் கமலாவுக்கு இதிலேயே சோறு இறங்கவில்லை.

கமலாவின் புருஷன் கொளஞ்சியப்பன் ஃபாரஸ்ட் கார்டு. அவர் காட்டைக் காவல் காத்தார், கமலா வரிசையைக் காவல் காத்தாள். கள்ளக்குறிச்சியிலிருந்து மலையேறும் பஸ்ஸில் யார் வந்தார்கள், கையில் என்ன பை, பை கனத்ததா இல்லையா என்பதெல்லாம் அவளுக்குத் தெரியாமல் கரியாலூருக்குள் நுழைந்ததில்லை.

“இன்னாதான் குடுக்கற அமுதா?” என்று வாத்தியாரின் மனைவியைத் தண்ணீர்க் குழாயடியில் மடக்கிக் கேட்டாள்.

“ஒண்ணும் குடுக்கலக்கா. தாய்ப்பால்தான். இப்ப ஒரு வேள ராகிக் கஞ்சி.”

“எம் புள்ளைங்களும் அதான் குடிச்சிதுங்க. ஓணான் மாதிரி கெடந்துதுங்க. ராகில இன்னா கலக்கற, சொல்லு. நான் இன்னா பேப்பர்லயா போடப் போறேன்?”

பேப்பரில் போட்டால்கூட நாலு பேர்தான் படிப்பார்கள் என்று அமுதா நினைத்துக்கொண்டாள். ஆனால் அவள் பொய் சொல்லவில்லை. பிள்ளைக்கு அவள் நிஜமாகவே வேறெதுவும் கொடுக்கவில்லை.

பூசினாள். அது வேறு கதை.

ஆனி மழையில் மலை முழுக்க நனைந்து கிடந்தபோது ஆரம்பித்தது அது. கட்டிய துணி நனைகிற வேகத்துக்குத் துவைத்த துணி காயவில்லை. பிள்ளை ஆரோக்கியராஜுக்குத் தொடையிடுக்கும் புட்டமும் சிவந்து புண்ணாகிவிட்டன. துணியை மாற்றும்போதெல்லாம் அவன் வீறிடுவது வரிசைக் கடைசி வீடு வரை கேட்டது. கமலா ஓடிவந்து ஒரு ட்யூபைக் கொடுத்தாள். கொளஞ்சியப்பனின் காலுக்கு வந்தது. ஈர பூட்சும் அட்டைக் கடியுமாக அலைந்து அவருடைய கணுக்காலில் கரப்பான் பிடித்து, மரப்பட்டை மாதிரித் தடித்து வெடித்துக் கிடந்ததற்குக் கள்ளக்குறிச்சி டாக்டர் எழுதிக் கொடுத்த ஆயின்மென்ட். எந்த இடத்தில், எத்தனை நாளைக்கு, எவ்வளவு மெல்லிசாக என்றெல்லாம் சீட்டில் எழுதியிருந்தார். சீட்டு கொளஞ்சியப்பனின் சட்டைப் பையில் இருந்தது. ட்யூப் மட்டும் சுவரைத் தாண்டி வந்தது.

“கொஞ்சூண்டு பூசு. பட்டு மாதிரி ஆயிடும்” என்றாள் கமலா.

பட்டு மாதிரி ஆனது. இரண்டே நாளில் புண் இருந்த இடம் தெரியவில்லை. அமுதா ட்யூபைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். அடுத்த வாரமே புண் திரும்பி வந்தது. மறுபடி போய்க் கேட்க அவளுக்கு மனம் வரவில்லை. ரேஷன் கடைக்காரர் மனைவியின் பிள்ளைக்குப் புண் வந்தபோது, “துணி மாத்த சோம்பேறித்தனம், வேறின்னா” என்று கமலா குழாயடியில் தீர்ப்புச் சொன்னதைக் காதால் கேட்டவள் அவள். அடுத்த தீர்ப்பு தனக்கு வர வேண்டாமென்று பஸ் கண்டக்டர் பழனியிடம் சொல்லிக் கீழே மருந்துக் கடையிலிருந்து ஒரு ட்யூப் வாங்கிவரச் செய்தாள். பிறகு இன்னொன்று. சீட்டு எங்கே என்று கடையில் யாரும் கேட்கவில்லை. கேட்டால் பழனிக்கு என்ன தெரியும்? வெற்றிலைக் கட்டோடும் துணிசோப்போடும் அதுவும் மலையேறியது.

துணி மாற்றும்போதெல்லாம் மஞ்சள் பூசுகிற மாதிரி இடுப்பு முழுக்கப் பூசி, துணியை இறுக்கிக் கட்டி, அதன்மேல் ரப்பர் ஷீட்டையும் சுற்றிவிடுவாள். புண் வரவே இல்லை. பிள்ளை மட்டும் ஊதிக்கொண்டே போனான்.

கன்னம் இரண்டும் தொங்கி, மூக்கு உள்ளே போய், முகம் வட்டமாகச் சிவந்தது. பார்த்தவர்கள் எல்லாம் கிள்ளி முத்தமிட்டார்கள். சுதந்திர தினத்தன்று சமவெளியிலிருந்து மாதர் சங்கத்துப் பெண்கள் தராசோடு வந்து ஆரோக்கியக் குழந்தைப் போட்டி நடத்தினார்கள். முதல் பரிசு ஆரோக்கியராஜுக்கு. “பேருக்கு ஏத்த புள்ள” என்று சொல்லி ஒரு தூக்குவாளியைக் கொடுத்து, கைதட்டிவிட்டு, போண்டா சாப்பிட்டுவிட்டு இறங்கிப் போனார்கள்.

தாய்க்குச் சந்தோஷம்தான். ஆனால் ஆனி மழைக்கு முன்னால் தைத்த சட்டை இன்னும் நீளத்துக்குச் சரியாக இருக்கிறது, அகலத்துக்குத்தான் பொத்தான் போட முடியவில்லை என்பதை அவள் கவனித்திருந்தாள். நெற்றியிலும் முதுகிலும் பூனைமயிர் மாதிரி முடி அடர்ந்திருந்தது. வரிசைக்குப் பின்னால் ஆடு வளர்க்கும் வேடியப்பனின் மகன் இவனுக்கு முந்தின வாரம் பிறந்தவன், எலும்பும் தோலுமாக இருப்பான். அவன் வாசல் முழுக்கத் தவழ்ந்து ஆட்டுப் புழுக்கையைப் பொறுக்கித் தின்றுகொண்டிருந்தான். இவனோ போட்ட இடத்தில் கிடந்தான். புரளக்கூட மாட்டான்.

“பல்லக்குல போறவன் எதுக்குத் தவழணும்?” என்றாள் கமலா. அமுதாவும் அதை நம்பிக்கொண்டாள். நம்புவதற்கு வசதியாக இருந்தது.

புரட்டாசி பிறந்ததும் இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் தொடங்கியது. ஒரு வாரம் எந்தச் சாலையிலும் எதுவும் ஓடாது என்றார்கள். ஓடவில்லை. புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்துவிட்டார்களாம், பாலங்களை உடைத்துவிட்டார்களாம், எங்கோ துப்பாக்கிச் சூடாம் என்று ரேடியோவும் வாய்ச்செய்தியும் மாற்றி மாற்றிச் சொல்லின. கொளஞ்சியப்பன் அந்தக் கோரிக்கைக்கு மனதார ஆதரவு. ஆனால் ஒரு கிளையை ஒடித்தவன்மேல் கேஸ் எழுதிப் பழகிய மனிதருக்கு, அத்தனை மரமும் ஒரே வாரத்தில் விழுந்ததைத்தான் ஜீரணிக்க முடியவில்லை. “கேக்கட்டும், நியாயமா கேக்கட்டும். மரம் இன்னாய்யா பண்ணுச்சு?” என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் புலம்பினார்.

ஜான் பயிற்சி வகுப்பென்று திருக்கோவிலூர் போனவர் அங்கேயே மாட்டிக்கொண்டார். பஸ் இல்லை, பழனி இல்லை, ட்யூபும் தீர்ந்தது. அமுதா அதைக் கத்தரியால் வகிர்ந்து ஒட்டியிருந்ததையும் வழித்துப் பூசினாள். அதற்குமேல் ஒன்றுமில்லை.

முதலில் புண் வந்தது, முன்னைவிடக் கோபமாக. பிறகு பிள்ளை பால் குடிப்பதைக் குறைத்தான். பிறகு குடித்ததைக் கக்கினான். ஒரு காலையில் அமுதா துணி மாற்றினாள், அவன் அழவே இல்லை.

அந்தச் சத்தமின்மை சுவரைத் தாண்டிக் கமலாவை எட்டிவிட்டது. கையில் கரண்டியோடு உள்ளே வந்தாள்.

“இன்னா அமுதா, பையன் சத்தத்தையே காணோம்? துணி மாத்தலயா?”

“மாத்துனேன்கா. அழல.”

கமலா பிள்ளையின் பாதத்தைத் தொட்டுப் பார்த்தாள். சில்லென்று இருந்தது. வீட்டுக்குப் போய் உப்பும் மிளகாயும் எடுத்துவந்து சுற்றி அடுப்பில் போட்டாள். ஜான் இருந்திருந்தால் வேண்டாமென்று பைபிளைக் காட்டியிருப்பார். மிளகாய் நெடி வீட்டையே தூக்கியது. இரண்டு பெண்களும் இருமினார்கள். பிள்ளை இருமக்கூட இல்லை, கண் பாதி மூடிக் கிடந்தான்.

“இது கண்ணு இல்ல. எந்திரி, கெளம்பு” என்றாள் கமலா.

“பஸ் இல்லியேக்கா.”

“பஸ் இல்லன்னா ரோடு இல்லியா?”

மரவள்ளிக் கிழங்கு ஏற்றிய லாரி ஒன்று கீழே போக வழியில்லாமல் மலையில் நின்றுகொண்டிருந்தது. கொளஞ்சியப்பன் அதன் டிரைவரைப் பிடித்து, போகிற தூரம் போ என்று ஏற்றிவிட்டார். மலையடிவாரம் வரை பிரச்சினையில்லை. கச்சிராயபாளையம் தாண்டியதும் ஒரு பெரிய புளியமரம் சாலையில் படுத்திருந்தது. அதன்மேல் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

“வண்டி எதுவும் போவாது. திருப்பு, திருப்பு.”

கமலா லாரியிலிருந்து இறங்கி, கையை நெற்றியில் வைத்துப் பார்த்தாள்.

“ஏண்டா ராஜாங்கம், தலப்பாவ எறக்கிக் கட்டிக்கினா எனக்கு ஆளு தெரியாதா?”

மரத்தின்மேல் இருந்தவர்களில் ஒருவன் தலைப்பாகையை ஏற்றிக்கொண்டு இறங்கினான். “கமலாக்கா! நீ எங்க இங்க?”

“ஆஸ்பத்திரிக்குப் போயிகினு இருக்கேன். உம் பொண்டாட்டி கோச்சிக்கினு போனாளே, ஆடிக்கப்புறம் வந்தாளா? அத நின்னு பேசலாமா, இல்ல வழி வுடறியா?”

மரத்தின்மேல் சிரிப்பு எழுந்தது. ராஜாங்கம் குரலைத் தாழ்த்தினான். “லாரி போவாதுக்கா. நாங்களே நெனச்சாலும் இந்த மரத்த இன்னிக்கு நவுத்த முடியாது. யாருக்கு ஒடம்பு?”

அமுதா சேலைத் தலைப்பை விலக்கிக் காட்டினாள். அவன் குனிந்து பார்த்தான்.

“புள்ள நல்லாத்தான கீறான்? கொழுகொழுன்னு?”

இத்தனை மாதமும் கேட்கக் கேட்கக் குளிர்ந்த வார்த்தை அது. இப்போது அமுதாவுக்கு ஆத்திரம் வந்தது. பிள்ளையின் கையைத் தூக்கி விட்டாள். அது பொத்தென்று விழுந்தது.

“இதாண்ணா உங்க கொழுகொழு” என்றாள்.

ராஜாங்கம் திரும்பி, “தங்கதுரை, சைக்கிள எடு” என்று கத்தினான்.

அமுதாவும் பிள்ளையும் ராஜாங்கத்தின் சைக்கிள் கேரியரில், கமலா தங்கதுரையின் கேரியரில். கொஞ்ச தூரத்துக்கு ஒரு மரம். மரத்துக்கு ஒரு கூட்டம். “ஆஸ்பத்திரி கேசு, ஆஸ்பத்திரி கேசு” என்று ராஜாங்கம் கத்திக்கொண்டே போக, கூட்டத்தில் நான்கு பேர் வந்து சைக்கிளைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தார்கள்.

“அக்கா, நீ எறங்கித் தாண்டிடு. சைக்கிளையும் உன்னையும் சேத்துத் தூக்க ஆளு பத்தல” என்றான் தங்கதுரை.

“மிதிடா. வாயால மிதிக்காத.”

அமுதா எதையும் கேட்கவில்லை. பிள்ளையின் மூக்குக்குக் கீழே விரலை வைத்தபடி கள்ளக்குறிச்சி வரை வந்து சேர்ந்தாள்.

டாக்டர் தீனதயாளனின் கிளினிக்கில் அன்று கூட்டமில்லை. மறியலில் யார் வருவார்கள்? டாக்டர் பிள்ளையைப் பார்த்ததுமே நர்சிடம் குளுக்கோஸ் தயார் செய்யச் சொல்லிவிட்டு விசாரிக்க ஆரம்பித்தார்.

“என்ன மருந்து குடுத்தீங்க இவனுக்கு?”

“ஒண்ணும் குடுக்கலைங்க.”

“நாட்டு மருந்து? உரசிக் குடுக்கறது? யாராவது டானிக், மாத்திரை?”

“ஒண்ணுமே குடுக்கலைங்க டாக்டர். சத்தியமா.”

“நல்லா யோசிச்சுச் சொல்லும்மா. இந்த முகம் தானா வந்த முகம் இல்ல.”

அமுதாவுக்கு அழுகை வந்துவிட்டது. குழாயடியில் கேட்ட அதே கேள்வி. கதவருகே நின்ற கமலாவுக்கு மட்டும் நீதி கிடைத்த மாதிரி இருந்தது.

“அதான் டாக்டர் நானும் ஆடி மாசத்துலேருந்து கேட்டுக்கினே இருக்கேன். இன்னா குடுக்கறன்னு சொல்லவே மாட்டேங்கறா.”

“நீங்க வெளிய இருங்கம்மா.”

கமலா வெளியே போனாள். அதாவது, வாசற்படிக்கு அந்தப் பக்கம் ஒரு காலை வைத்துக்கொண்டாள்.

டாக்டர் பிள்ளையின் துணியை அவிழ்த்தார். புண்ணைச் சுற்றித் தோல் வெங்காயச் சருகு மாதிரி மெலிந்து பளபளத்தது. உள்ளே ஓடும் சிறு நரம்புகள் சிவப்பாகத் தெரிந்தன. அமுதா தினமும் பார்த்ததுதான். தினமும் பார்த்ததால் தெரியவில்லை.

“இங்க என்ன பூசற?”

“பூசறதுங்களா? ஆயின்மென்ட்டுங்க.” பையிலிருந்து வகிர்ந்த ட்யூபை எடுத்துக் கொடுத்தாள். தீர்ந்ததைக் காட்டினால்தான் அதையே சரியாகத் தருவார்கள் என்று எடுத்து வந்திருந்தாள்.

“எவ்வளவு நாளா?”

“மழ புடிச்சதுலேருந்துங்க. துணி மாத்தும்போதெல்லாம். மறியல்ல கெடைக்காம இப்பதான் நாலஞ்சு நாளா பூசல.”

டாக்டர் ட்யூபைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். “இத்தன தடவ கேட்டேனே, ஏன்மா சொல்லல?”

“நீங்க குடுத்தியான்னுதான கேட்டீங்க? குடுக்கலைங்க. பூசுனேன்.”

டாக்டர் திரும்பி நர்சிடம் ஒரு ஊசியின் பெயரைச் சொன்னார், சீக்கிரம் என்றார். ஊசி போட்டு, பிஞ்சுக் கையில் நரம்பு தேடிக் குளுக்கோஸ் ஏற்றி முடித்த பிறகுதான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“வாய் வழியாத்தான் மருந்து உள்ள போவும்னு இல்லம்மா. தோல் வழியாவும் போவும். கொழந்தத் தோல் மெல்லிசு, ஜாஸ்தியா குடிக்கும். நீ அதுமேல துணியும் ரப்பரும் இறுக்கிக் கட்டி மூடியும் போட்டுட்ட. பெரிய ஆளு காலுக்கு, தடிச்சுப்போன தோலுக்கு எழுதற மருந்து இது. அதோட வேகம் அவ்வளவு.”

“அப்ப அந்த சதையெல்லாம்?”

“சதை இல்ல. வீக்கம், மருந்து சேத்த கொழுப்பு. நம்ம ஒடம்பு தெனமும் தானே சுரக்கற ஒண்ணு இருக்கு, அதே மாதிரிதான் இந்த மருந்தும். வெளியிலேருந்து வந்துகிட்டே இருந்தா, உள்ள சுரக்கற சுரப்பி நமக்கு வேல இல்லன்னு சும்மா இருந்துடும். திடீர்னு நீ நிறுத்திட்ட. வெளியிலேருந்தும் வரல, உள்ளயும் சுரக்கல. அதான் இப்படிக் கெடக்கறான்.”

“சப்ஸ்டியூட்டு வாத்தியாரு இருக்காருன்னு சாரு லீவுல பூட்டாரு, இப்ப ரெண்டு பேருமே வரல” என்றது வாசற்படிப் பக்கத்துக் குரல்.

“அதேதான்” என்றார் டாக்டர், தன்னை மறந்து.

அமுதா ஒன்றுதான் கேட்டாள். “இனிமே அந்தக் கருமத்தத் தொடவே மாட்டேங்க. சரியாயிடுவானா?”

“அப்படியும் சொல்லாத. இப்ப அதே வகையை நானே அளந்து வாயில குடுக்கப் போறேன். வாராவாரம் கொறைச்சுத்தான் நிறுத்தணும். நல்லாயிட்டானேன்னு நீயா பாதியில நிறுத்தினா திரும்ப இங்கதான் வரணும். வெளங்குதா?”

எது இவனைப் படுக்க வைத்ததோ அதையே கொடுத்து எழுப்ப வேண்டும். அமுதாவுக்கு விளங்கியது என்று சொல்ல முடியாது. பயத்தோடு தலையாட்டினாள்.

மறுநாள் விடிந்து வெயிலேறும்போது ஆரோக்கியராஜ் ஊசி குத்திய கையை உதறி வீறிட்டான். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். வழியில் சேதி கேட்டு, பாதி தூரம் நடந்தும் பாதி தூரம் மாட்டுவண்டியிலுமாக அதற்கடுத்த நாள் வந்து சேர்ந்த ஜான், பெஞ்சில் உட்கார்ந்து ட்யூபிலிருந்த பொடி எழுத்தை முதல்முறையாக வாசித்தார். வகுப்பில் திடீரென்று எழுப்பி வாசிக்கச் சொன்ன மாணவன் மாதிரி இருந்தது முகம். அவர்கள் ஊருக்குக் கிளம்பும்போது டாக்டர் பிள்ளைக்கென்று வேறொரு ட்யூப் எழுதவில்லை. துணியைத் தளர்த்திக் கட்டு, ரப்பரைத் தூக்கிப் போடு, நனைந்ததும் மாற்று, வெறும் வாஸ்லின் போதும் என்றார். துணி காயாவிட்டால் பிள்ளையைச் சும்மா விடு, யார் பார்க்கப் போகிறார்கள் என்றார்.

பார்க்கத்தான் செய்தார்கள். கார்த்திகைக்குள் ஆரோக்கியராஜின் கன்னம் வற்றி, மூக்கு வெளியே வந்தது. “டவுன் டாக்டர் புள்ளைய உருக்கிட்டாரு” என்று ரேஷன் கடைக்காரர் மனைவி வருத்தப்பட்டாள். ட்யூப் சங்கதியைப் பழனி வாயால் அறிந்து, அவள் தன் பிள்ளைக்கு அந்தப் பழைய ட்யூபின் பெயரைக் கேட்டும் ஆளனுப்பினாள். அமுதா அன்று சாயங்காலமே கமலாவிடம் போனாள்.

“அக்கா, நடந்தத நீங்கதான் எல்லாருக்கும் சொல்லணும். நான் சொன்னா மறைக்கறேன்னுவாங்க.”

வாழ்க்கையில் முதல்முறையாகக் கமலாவுக்கு ஒரு சேதியைச் சொல்லத் தயக்கம் வந்தது. “மொத ட்யூபு என் வூட்லேருந்து வந்ததாச்சே, அமுதா.”

“அத வுட்டுட்டுச் சொல்லுங்க.”

விட்டுவிட்டுச் சொன்னாள். கமலா சொன்னால் சேதி சேர்ந்த மாதிரிதான். ஆனால் கால் முளைக்கும். சேதி மாவடிப்பட்டு போனபோது பிள்ளைக்கு நரம்பு வெடித்துவிட்டது. கச்சிராயபாளையம் போய்ச் சேர்ந்தபோது பிள்ளையே செத்துவிட்டது. அது சுற்றிக்கொண்டு மலையேறிக் கொளஞ்சியப்பன் காதுக்கு வந்தபோது, அந்த ஆயின்மென்ட் தொட்டவன் குலமே விளங்காது என்றாகியிருந்தது. சொன்னது தன் வீட்டு வாய்தான் என்று தெரியாமல், மனிதர் மிச்சமிருந்த ட்யூபை ஓடையில் வீசிவிட்டார்.

தை மாதம் அவர் காலைத் தேய்த்துத் தேய்த்து நடந்துகொண்டிருந்தார். கணுக்கால் வெடித்து நீர் வடிந்தது. அமுதா தோளில் பிள்ளையோடு சுவருக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டாள்.

“அண்ணா, டாக்டர்ட்ட போவலியா?”

“போனேம்மா. மறுபடி அதையேதான் எழுதிக் குடுத்தாரு. பொட்டிக்குள்ள வெச்சிருக்கேன். விஷத்த எவன் தடவுவான்?”

“விஷம் இல்லண்ணா. உங்க காலுக்கு எழுதுனத எம் புள்ள இடுப்புல பூசுனேன், அதான் தப்பு. சீட்ட எடுங்க.”

எடுத்தார். அமுதா வாசித்தாள், எழுத்துக் கூட்டி, ஒரு வார்த்தை விடாமல். இரவில் மட்டும், தடித்த இடத்தில் மட்டும், இரண்டு வாரம், பிறகு வந்து காட்டவும். அவர் ட்யூபை அமுக்கப் பயந்து அமுக்கி, விரலில் வந்ததைக் கணுக்காலில் தேய்த்தார்.

“இவ்ளோதானா?”

“அவ்ளோதான். மேல மினுமினுன்னு இருந்தா போதும். துணி கிணி சுத்தாதீங்க.”

மெலிந்த ஆரோக்கியராஜ் காக்கிச் சட்டையைக் கண்டு துள்ளி, தோளிலிருந்து எட்டிப் பாய்ந்தான். கொளஞ்சியப்பனும் வேலையை மறந்து, “வாடா கண்ணு” என்று இரண்டு கையையும் நீட்டினார். விரல் நுனி இன்னும் பளபளத்தது.

அமுதா பிள்ளையை வெடுக்கென்று பின்னுக்கு இழுத்தாள்.

“மொதல்ல கையக் கழுவிட்டு வாங்கண்ணா.”

அவர் எழுந்து தொட்டிப் பக்கம் நொண்டினார்.

“சோப்பு போட்டு!” என்று சமையலறைக்குள்ளிருந்து கமலா கத்தினாள்.